செம்பாறைகளுக்கு நடுவே ஒரு முதிய குரல்

மராட்டிய மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்துக்கு 1984ஆம் ஆண்டு நாங்கள் இருவரும் மாற்றலாகிச் சென்றோம். கிளைகள் வேறு, வீடு ஒன்று. அந்த வீட்டில் எங்களுக்கு முன் குடியிருந்த கோவா நண்பர் விடைபெறும்போது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பையும் ஒரு கொசுவலையையும் ஓர் ஒலிநாடாவையும் விட்டுச்சென்றார். அடுப்பும் வலையும் அந்த ஆண்டே போயின. ஒலிநாடா மட்டும் முப்பதாண்டுக்கு மேல் எங்களோடு ஊர் ஊராக வந்தது.

அதில் பாடியவர் வில்லி நெல்சன். முதல் நாள் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், எங்களுக்குப் பிடிக்கவில்லை. மூக்கால் பாடுகிறாரே, தாளத்தைத் தவறவிட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடிக்கிறாரே என்று நினைத்தோம். ஆனால் மாலை ஏழரைக்குப் போகும் மின்சாரம் பத்து மணிக்குத்தான் திரும்பும் ஊர் அது. பேட்டரியில் ஓடும் சிறு கருவியும் அந்த ஒரே நாடாவும்தான் துணை. ஒரு மாதத்துக்குள் புரிந்துவிட்டது, அவர் தாளத்தைத் தவறவிடவில்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசும்போது சொற்கள் எப்படிச் சற்றுத் தயங்கி, சற்று விரைந்து வருமோ, அப்படிப் பாடுகிறார். தாளம் தன் வழியே போகும். அவர் பின்னால் நடந்து வந்து, சேர வேண்டிய இடத்தில் சரியாகச் சேர்ந்துகொள்வார்.

அமெரிக்கர்கள் 'கன்ட்ரி' என்று அழைக்கும் இசை உழவர்களும் சுரங்கத் தொழிலாளரும் லாரி ஓட்டுநர்களும் தங்களுடையதாகக் கொண்டாடுவது. வில்லி நெல்சன் 1933இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஆபட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாயும் தந்தையும் பிரிந்துபோக, அவரையும் அக்காள் பாபியையும் வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். தாத்தா கொல்லர். ஆறு வயதில் பேரனுக்குக் கிதார் கொடுத்தவர் அவரே. அந்தச் சிறுவன் பள்ளிநாள்களில் கூலிக்குப் பருத்தி எடுத்தவன். இதை வெகுகாலம் கழித்து ஒரு நூலில் படித்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யவத்மாலும் பருத்தி நாடு. அவர் குரலை நாங்கள் கேட்ட திண்ணைக்கு எதிரே கண்ணுக்கெட்டிய தூரம்வரை பருத்திதான்.

எங்கள் மகள் டென்வர் நகரில் குடியேறிய பின், கோடைதோறும் அங்கே செல்வது வழக்கமாயிற்று. 2012 ஆகஸ்டில் நாங்கள் அங்கிருந்தபோது ஒரு செய்தி வந்தது. நிகழ்ச்சிக்காக டென்வர் பகுதிக்கு வந்திருந்த வில்லி நெல்சன் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், நிகழ்ச்சி ரத்தாயிற்று. கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் நகரம் அது. நுரையீரல் நோயுள்ள 79 வயதுக்காரருக்கு அந்தக் காற்று போதவில்லை. அன்று எங்களுக்குத் தோன்றியதை மறைப்பதற்கில்லை. இனி இவரை நேரில் காணப்போவதில்லை என்று முடிவுகட்டிவிட்டோம்.

ஆகவே, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த கோடையில் மகள் மூன்று நுழைவுச்சீட்டுகளை மேசைமேல் வைத்தபோது மகிழ்ச்சியைவிடக் கவலையே முந்தியது. அவருக்கு எண்பது கடந்துவிட்டது. நிகழ்ச்சி நடக்கும் இடமோ நகரத்தைவிட மேலும் ஆயிரம் அடி உயரம்.

ரெட் ராக்ஸ் என்னும் அந்தத் திறந்தவெளி அரங்கம் டென்வருக்கு மேற்கே, மாரிசன் ஊரை ஒட்டி, ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 6,450 அடி, நம் குன்னூரைவிடச் சற்று அதிகம். சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையான செம்மணற்கல் பாறைகள் அங்கே நிலத்திலிருந்து சாய்வாக எழுந்து நிற்கின்றன. அவற்றுள் இரண்டு, ஒவ்வொன்றும் 300 அடி அளவுக்கு உயர்ந்து, எதிரெதிரே இரு சுவர்களாக நிற்க, நடுவே சரிவு. கீழ்முனையில் மற்றொரு பாறை மேடைக்குப் பின்சுவராக அமைந்துவிட்டது. எதிரொலி கெடாமல் குரலைத் தாங்கும் அரங்கை இயற்கையே முக்கால் பங்கு கட்டிவிட்டது எனலாம். மீதியைக் கட்டியவர்கள் 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையற்றுத் தவித்த இளைஞர்கள். அரசின் வேலைவாய்ப்புப் படையில் சேர்ந்த அவர்கள், கட்டடக் கலைஞர் பர்னம் ஹாய்ட்டின் வரைபடத்தைக் கொண்டு, பாறையைச் சிதைக்காமல் சரிவில் இருக்கை வரிசைகளை அமைத்தார்கள். 1941 ஜூனில் திறக்கப்பட்டது. 70 வரிசைகள், ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் அமரலாம். முதுகு சாயக் கட்டை கிடையாது, கல்லின்மேல் பதித்த மரப்பலகை மட்டுமே.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறும் ஏற்றம் எங்கள் முழங்கால்களை நன்றாகவே விசாரித்தது. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். எங்களைக் கடந்து இளைஞர்கள் ஓடினார்கள். எங்களைப் போலவே நின்று நின்று ஏறிய நரைத்த தலைகளும் ஏராளம். ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. மேடையேறப் போகிறவரும் இதே காற்றைத்தானே சுவாசிக்க வேண்டும்?

எங்கள் இடம் நாற்பதாவது வரிசை அளவில். பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தொப்பியுடன் தனியாக அமர்ந்திருந்தார். நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து நான்கு மணி நேரம் தாமே வண்டி ஓட்டி வந்ததாகச் சொன்னார். அவருடைய மனைவி இறந்து ஓராண்டு ஆகிறது. இருவருமாக வருவதற்கு வாங்க நினைத்த சீட்டை இப்போது ஒன்றாக வாங்கியதாகச் சொல்லிவிட்டு, தம் காகிதப் பையிலிருந்த வறுத்த வேர்க்கடலையை எங்களிடம் நீட்டினார். எங்கள் டப்பாவிலிருந்த முறுக்கை அவர் ஐயத்தோடு எடுத்து, மகிழ்ச்சியோடு முடித்தார். ஊர், பயிர், மழை என்று பேச்சு நன்றாகப் போயிற்று. மக்காச்சோளம் பயிரிட்ட குடும்பம். இப்போது அவர் டிராக்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறார்.

"நீங்கள் என்ன வேலையில் இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"வங்கியில். கிராமக் கிளைகளில் வேளாண் கடன் பிரிவு" என்றோம்.

அவர் கை கடலைப் பையிலேயே நின்றது. பின்பு மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கள் நிலம் 1985இல் ஏலத்துக்குப் போனது. அப்பா வாங்கிய கடனுக்காக." அதன் பிறகு அவர் பேசவில்லை. எங்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்த 1985 எங்களுக்கு வெறும் ஆண்டல்ல. வில்லி நெல்சன் எங்களுக்குப் பாடகர் என்ற நிலையைக் கடந்தது அந்த ஆண்டு நடந்த ஒன்றினால்தான். 1970களில் அமெரிக்கத் தானியத்துக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஏறும் நிலத்தை ஈடாகக் கொண்டு, வாங்குங்கள் வாங்குங்கள் என்று கடன் கொடுத்தார்கள், உழவர்களும் வாங்கினார்கள். 1979 முதல் பணவீக்கத்தை அடக்க மைய வங்கி வட்டியை உயர்த்தியது. வங்கிகளின் அடிப்படை வட்டி 1980 டிசம்பரில் நூற்றுக்கு 21.5 வரை போயிற்று. அதே 1980இல் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்கத் தடை வந்தது. விளைபொருள் விலை சரிந்தது. நிலத்தின் மதிப்பு அயோவா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஈட்டின் மதிப்பு கடனைவிடக் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

1985 ஜூலையில் ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' மேடையில் பாப் டிலன், திரளும் பணத்தில் சிறிது நம் உழவர்களின் கடனுக்கும் போகலாமே என்ற பொருளில் ஏதோ சொன்னார். பலருக்கு அது இடம் பொருந்தாப் பேச்சாகப் பட்டது. வில்லி நெல்சன் அதைப் பிடித்துக்கொண்டார். நீல் யங், ஜான் மெல்லன்கேம்ப் ஆகியோருடன் சேர்ந்து, செப்டம்பர் 22 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெயின் நகர விளையாட்டரங்கில் 'ஃபார்ம் எய்ட்' என்ற பெயரில் முதல் இசை நிகழ்ச்சியை நடத்தினார். ஏறத்தாழ 80,000 பேர் வந்தார்கள். 90 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அன்று உழவர்கள் தலைமேல் இருந்த கடனுக்கு முன்னால் அது கைப்பிடி மணல். அதை அவர்களும் அறிந்திருந்தார்கள். ஆகவே பணத்தை உடனடி உதவிக்கும் சட்ட ஆலோசனைக்கும் தொலைபேசி உதவிக்கும் செலவிட்டதோடு நிற்காமல், உழவர்களையே வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று நாடாளுமன்றக் குழுவின் முன் பேச வைத்தார்கள். 1987ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டத்தில் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு விதி உண்டு: ஏலம் விடுவதைவிடக் கடனைச் சீரமைப்பது செலவு குறைவு என்றால், அரசு சார்ந்த கடன் அமைப்புகள் சீரமைக்கவே வேண்டும்.

அந்த விதியைப் பற்றிப் படித்தபோது எங்கள் நினைவு சென்றது ஒரு 52க்கு. மராட்டியத்தில் விளைச்சலைக் காசுக் கணக்கில் மதிப்பிடுவார்கள், 'பைசேவாரி' என்பார்கள். மதிப்பீடு 50 காசுக்குக் கீழ் இருந்தால் அந்தக் கிராமத்தின் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தரலாம். 50க்கு மேலே போனால் தவணை தவறியதாகத்தான் பொருள். மழை பொய்த்த ஓர் ஆண்டில் எங்கள் கிளைக்குட்பட்ட ஒரு கிராமத்துக்கு 52 என்று வந்தது. அடுத்த கிராமத்துக்கு 47. இரண்டுக்கும் இடையே ஓர் ஓடைதான், அதிலும் தண்ணீர் இல்லை. ஓடைக்கு இப்புறம் கடன் மாற்றப் படிவங்கள் எழுதினோம், அப்புறம் அறிவிப்புகளை அனுப்பினோம். பதிவுத் தபாலைப் பெற்றுக்கொண்ட ஒருவர் அதைப் பிரிக்காமலே கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்து, "இதில் என்ன இருக்கிறதென்று தெரியும், படிக்கத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவும் அந்த ஒலிநாடா ஓடியது.

பக்கத்து இருக்கைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வானம் இருண்டது. கொலராடோவின் கோடையில் மாலை இடிமழை வழக்கமான விருந்தாளி. மின்னல் மலைக்குப் பின்னால் வெட்டத் தொடங்கியதும், நிகழ்ச்சி தாமதமாகும் என்று அறிவித்தார்கள். பிறகு மழை நேராக இறங்கிற்று. குடை விரிக்க அனுமதி இல்லை, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பது காரணம். ஒன்பதாயிரம் பேர் நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம். இடுக்கில் ஒடுங்கிய தவளைகளைப் போல, ஒருவர்கூட எழவில்லை. மகள் கொண்டுவந்த மழைச்சட்டைகள் இரண்டுதான். நெப்ராஸ்காக்காரர் தம் காலடியில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை எடுத்து, ஒன்றும் பேசாமல் ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டு மறுமுனையை எங்களிடம் நீட்டினார். நான்கு பேரும் அதன் அடியில் முக்கால் மணி நேரம் இருந்தோம். மழைநீர் ஓடிய பாறைகள் காவி நிறம் மாறிக் குருதிச் சிவப்பாகிவிட்டன. குளிர் எலும்பில் இறங்கிற்று. இந்த ஈரத்தில், இந்த உயரத்தில், அந்த முதியவரை மேடையேற்றுவார்களா என்பதுதான் எல்லோர் மனத்திலும் இருந்தது. ரத்து என்ற அறிவிப்புக்காகவே காத்திருந்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

மழை விட்டது. மேடையிலிருந்த நீரை நான்கைந்து பேர் தள்ளினார்கள். எந்த முன்னுரையும் இல்லாமல், கறுப்புச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக ஒரு சிறிய உருவம் நடந்து வந்து கிதாரை மாட்டிக்கொண்டது. பின்னால் டெக்சாஸ் மாநிலக் கொடி விரிந்தது. கூட்டம் எழுந்த ஓசையில் முதல் பாட்டின் முதல் அடி எங்கள் காதில் விழவில்லை.

அந்தக் கிதாரைப் பற்றி ஒரு சொல். 1969இல் நேரில் பார்க்காமலே 750 டாலருக்கு வாங்கிய மார்ட்டின் கிதார். நைலான் நரம்பு பூட்டியது, விரலால் மீட்டுவதற்கென்றே செய்தது, ஆதலால் நகச்சில்லு உராயும் இடத்தில் காப்புத் தகடு கிடையாது. வில்லி நகச்சில்லால் மீட்டி மீட்டி மரம் தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை விழுந்துவிட்டது. திரைப்பட நடிகர் ராய் ராஜர்ஸின் குதிரைப் பெயரான 'டிரிக்கர்' என்பதே அதற்கும் பெயர். வாங்கிய சிறிது காலத்தில் வீடு தீப்பற்றியபோது உள்ளே ஓடி அதை மீட்டுக்கொண்டு வந்தார்.  1990இல் வருமான வரிப் பாக்கி 3.2 கோடி டாலர் என்று சொல்லி அரசு அவருடைய சொத்துகளைக் கைப்பற்றியபோது, மகள் முன்கூட்டியே கிதாரை அப்புறப்படுத்தி அவரிடம் அனுப்பிவிட்டார். வரி மிச்சப்படுத்தித் தரும் என்று பிறர் காட்டிய முதலீடுகளில் இறங்கியதும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம். உழவர்களின் கடனுக்காகப் பாடியவர் ஐந்தே ஆண்டுகளில் தாமே கடனாளியாக நின்றார். திவால் மனு கொடுக்க அவர் விரும்பவில்லை. பேச்சுவார்த்தையில் தொகை பாதியளவுக்குக் குறைந்தது. கிதாரும் குரலும் மட்டுமாக ஓர் இசைத்தொகுப்பைப் பதிந்து, வருவாய் வரித்துறைக்கே போகும்படி விற்றார். அதற்கு வரித்துறையின் பெயரையே தலைப்பாக வைத்த குறும்பும் அவருடையது. ஏலத்துக்கு வந்த பொருள்கள் பலவற்றை நண்பர்கள் எடுத்து அவரிடமே திரும்பத் தந்தார்கள். 1993இல் கணக்குத் தீர்ந்தது.

மேடையில் ஆடம்பரம் ஏதும் இல்லை. முழு முரசுத் தொகுதிக்குப் பதிலாக ஒரே ஒரு சிறு முரசு. 1973 முதல் உடன் வாசிக்கும் மிக்கி ரஃபேலின் மவுத்தார்கன். ஓரத்தில் பெரிய பியானோ, அதன் முன்னால் அகன்ற தொப்பியுடன் அக்காள் பாபி, தம்பியைவிட இரண்டு வயது மூத்தவர். வில்லி பேசுவதே இல்லை. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததன் சுரத்தைத் தொட்டுவிடுகிறார். 1961இல் பாட்சி கிளைன் பாடிப் புகழாக்கிய 'கிரேஸி' இவர் எழுதியது. அதை இரண்டு பாடல்களுக்கு நடுவில், யாரோ தெருவில் போகிறவருக்கு வணக்கம் சொல்வதுபோலப் பாடிவிட்டுக் கடந்தார்.

குரல் எப்படி இருந்தது? ஒலிநாடாவின் குரல் அல்ல. உச்சத்துக்குப் போகவேண்டிய இடங்களில் போகவில்லை. நீண்ட அடிகளை இரண்டாக முறித்தார். நடுவில் மூச்சு வாங்கியது ஒலிபெருக்கியில் கேட்டது. முதல் மூன்று பாட்டுகள்வரை எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்காவதில்தான் ஒன்றைக் கவனித்தோம். மூச்சு போதாத இடத்தில் அவர் சொல்லை நிறுத்தி வைக்கிறார், அந்த இடைவெளியைக் கிதார் நிரப்புகிறது, பிறகு மிச்சச் சொல் வந்து சேர்கிறது. ஐம்பது ஆண்டுகளாகத் தாளத்துக்குப் பின்னால் நடந்தே பழகியவருக்கு இப்போது இன்னும் சற்றுப் பின்னால் நடக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். யவத்மால் திண்ணையில் நாங்கள் குறையென்று நினைத்த ஒன்று, எண்பது வயதில் அவரைத் தாங்கி நின்றது.

தம்பி ஒதுங்கிக்கொள்ள, அக்காள் தனியாக ஒரு துள்ளல் இசையை வாசித்தார். அவர் விரல்களில் வயதே இல்லை. வில்லி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தார், பெரியவர்கள் வாசிக்கும்போது சபையில் அமரும் பிள்ளையைப் போல. (பாபி 2022 மார்ச்சில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்களுக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பார்வைதான்.)

மேடைக்குப் பின்னே மேகம் விலகி, சமவெளியில் டென்வரின் விளக்குகள் தெரிந்தன. 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' தொடங்கியபோது பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். நாங்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. துணைவரிடம் காட்டத் தவறிய அன்பைப் பற்றிய பாட்டு அது.

ஒன்றரை மணி நேரமும் ஆகவில்லை, முடிந்துவிட்டது. பக்திப் பாடல்கள் இரண்டு மூன்றைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடிவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை முன்வரிசைக்கு வீசிவிட்டு, வந்ததுபோலவே நடந்து போனார்.

ஈரப் படிகளில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். நெப்ராஸ்காக்காரர் எங்கள் முன்னால், கைவிளக்கைப் பின்புறம் காட்டியபடி, ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதி வழியில் நின்று, "உங்கள் ஊர் உழவர்கள் என்ன வட்டி கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 விழுக்காடு, உரிய காலத்தில் செலுத்தினால் 3 விழுக்காடு சலுகை, ஆக 4 என்றோம்.

"அப்பா பதினெட்டு கொடுத்தார்" என்றார். இன்னும் நான்கு படி இறங்கிய பின், "அப்படியானால் அங்கே யாரும் நிலத்தை இழப்பதில்லையா?"

இழக்கிறார்கள் என்றோம். வங்கிக்கு வெளியே வாங்கும் கடன் ஒன்று இருக்கிறது, அதற்கு வட்டி வேறு. பருத்திக்கு மழைதான் பாசனம். பிறகு, மூன்று மணி நேரமாகச் சொல்லாமல் வைத்திருந்த அந்த 52 காசுக் கதையைச் சொன்னோம், ஓடையையும் பிரிக்காத தபாலையும் சேர்த்து. அவர் நடுவில் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும், "அந்த ஆளின் நிலம் என்ன ஆயிற்று?" என்றார்.

மறு ஆண்டு மழை பெய்தது, மூன்று தவணைகளில் கட்டி முடித்தார் என்று சொன்னோம். அது உண்மை. அதே ஓடைக்கரையில் வேறு இருவர் விற்றுவிட்டுப் போனார்கள். அதையும் சொன்னோம்.

அவருடைய வண்டி வடக்கு நிறுத்தத்தில், எங்களுடையது தெற்கில். தார்ப்பாயை உதறி மடிக்க இரு முனைகளை நாங்கள் பிடித்துக்கொண்டோம். இரவோடு இரவாக நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும், தூக்கம் வராதா என்று மகள் கேட்டாள். வண்டியில் வில்லியின் ஒலிநாடா இருக்கிறது, மனைவி வாங்கியது, ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது, மறுபக்கம் நன்றாகப் பாடும் என்றார்.